எண்ணூறுக்கு மேல் ஏற்றக் கூடாது

ஜப்பானில் எங்கள் கசாஹாரா ஊரில் மிசாவோவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைச்சல். காலை எட்டு மணிக்கு மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கை இறுக்கினாள் என்றால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவாள். கன்னத்தில் இரண்டு பக்கமும் வார் பதிந்த கோடு ஞாயிற்றுக்கிழமைகூட மறையாது. கடைவீதியில் பார்க்கிற சின்னப் பிள்ளைகள் அதைத் தழும்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வேலை செய்தது கின்யாவின் டைல் ஆலையில், பொடி அறையில். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டைல் வேலைதான். நகத்தளவு சதுரங்களைக் காகிதத்தில் வரிசையாக ஒட்டி, நாட்டின் குளியலறைகளுக்கெல்லாம் அனுப்பிப் பிழைத்த ஊர். குளியலறையை மொத்தமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குகிற காலம் வந்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மேற்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டில் கிருமி புகுந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். நாடே கிருமி கிருமி என்று அலறியது. கிருமி அண்டாத பேனா, கிருமி அண்டாத காலுறை, கிருமி அண்டாத கக்கூஸ் மூடி என்று கடைகளில் வந்து குவிந்தது. அப்பன் விட்டுப்போன ஆலையை மூடாமல் காப்பாற்ற வழி தெரியாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த கின்யாவும் கிருமி அண்டாத டைல் செய்யக் கிளம்பினான்.

அதற்கு வேண்டியது டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி. பெயிண்டில் வெள்ளைக்குப் போடுகிற அதே இனம்தான், ஆனால் இது அதைவிடப் பல மடங்கு நைசு. டைலின் மேல் மெல்லிசாகப் பூசிச் சுட்டுவிட்டால், வெளிச்சம் படும்போதெல்லாம் மேலே ஒட்டுகிற அழுக்கையும் கிருமியையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வெளிச்சம் இல்லையென்றால் சும்மா கிடக்கும். "எங்க வீட்டுக்காரர் மாதிரி. நாலு பேர் பாத்தாத்தான் வேல செய்யும்" என்று மிசாவோ ஆலைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வீட்டுக்காரர் தொகுஸோ அதே ஆலையின் சூளைக்காரர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொடி மூட்டையில் வரும்போது கட்டி கட்டியாக இருக்கும். நைசான துகள்கள் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். அதைப் பிரிப்பதுதான் மிசாவோவின் வேலை. தண்ணீரில் கொட்டி, சொட்டுச் சொட்டாக அமிலம் சேர்த்து, வெள்ளைக் குண்டுகள் நிறைந்த உருளையில் பதினெட்டு மணி நேரம் சுழலவிடுவாள். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி ஜன்னலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவாள். திரும்பி வரும்போது அடியில் வண்டல் கட்டியிருந்தால் மறுபடி உருளைக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கலாக நின்றால்தான் தலையாட்டுவாள். சரியாகப் பிரியாத பொடியைப் பூசினால் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். திட்டுக்கு நடுவே கிருமி சொகுசாகக் குடியிருக்கும் என்பாள்.

மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் அவள் ஆளே மாறிவிடுவாள். அவளுடைய அப்பா கல் அரைக்கிற ஆலையில் இருந்தவர். ஐம்பது வயதில் மூன்று படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி வாங்கிச் செத்தார். அந்தக் காலத்தில் இந்த ஊர் ஆண்களில் நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். அதனால் தரையை நனைக்காமல், மேலே தண்ணீர்ச் சாரலைத் திறக்காமல், யாரையும் மூட்டையில் கத்தி வைக்க விடமாட்டாள். பொடி விற்க வந்த கம்பெனிக்காரன் ஒருத்தன் ஒருமுறை, அரிசி மூட்டையைப் பிரிக்கிற மாதிரி வாய்த் தையலைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தான். அடுத்த நொடி அவன் மேல் ரப்பர் குழாய்த் தண்ணீர் பாய்ந்தது. கோட்டும் டையுமாகச் சொட்டச் சொட்ட நின்றவனிடம், "கோட்டு காஞ்சிடும் தம்பி. நெஞ்சுக்குள்ள போனது திரும்பி வராது" என்றாள். கின்யா அவன் முன்னால் எத்தனை தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டான் என்பதை ஆலைப் பெண்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள்.

டைல் சுட்டு வந்ததும் அதன் மேல் நீலச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைப்பாள். பூச்சு உயிரோடு இருந்தால் சாயந்திரத்துக்குள் நீலம் வெளுத்துவிடும். வெளுக்காவிட்டால் அது வெறும் டைல்.

தொகுஸோ டைலைச் சோதிக்கிற விதம் வேறு. இரண்டு துண்டை எடுத்துக் காதருகில் தட்டுவார். ணங் என்றால் சரி, டொக் என்றால் குப்பைக்கு. முப்பத்தைந்து வருஷமாகச் சூளை எரிப்பவர். தாளில் எழுதிக் கொடுத்த சூட்டுக்கு மேல் கொஞ்சம் ஏற்றி எரிப்பது அவர் வழக்கம். அவர் மட்டுமா, இந்த ஊர்ச் சூளைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். காய்கறிக்காரி கொசுறு போடுகிற மாதிரி இவர்கள் தீயில் கொசுறு போடுவார்கள். குறைவாக எரித்த டைல் உடைந்து பேர் கெட்டவர்களை ஊருக்குத் தெரியும். கொஞ்சம் கூட எரித்ததால் பேர் கெட்டவர் என்று ஒருத்தரையும் தெரியாது.

வீட்டில் இரண்டு பேரும் ஆலைப் பேச்சுப் பேசுவதில்லை. அவருடைய சூளையைப் பற்றி அவள் வாய் திறக்கமாட்டாள். அவளுடைய பொடியைப் பற்றி அவர் நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. "மாவு" என்பார், அவ்வளவுதான். மிசோ சூப் ஆறுகிறது, மழை வரும் போலிருக்கிறது, பெரியவள் நகோயாவிலிருந்து போன் பண்ணினாள் என்கிற அளவில் முப்பது வருஷம் சண்டை இல்லாமல் ஓடிவிட்டது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயம். ஊரிலிருக்கிற குரிநோகி குழந்தைகள் காப்பகத்தில் கழிப்பறைக்கும் கை கழுவுகிற இடத்துக்கும் புதுத் தரை போட வேண்டியிருந்தது. கின்யாவின் கிருமி டைலுக்கு அதுதான் முதல் வேலை. அது நன்றாக அமைந்தால் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி வேலையும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தாய்மார்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். கின்யா திரையில் படம் போட்டு அரை மணி நேரம் பேசினான். பேசி முடித்ததும் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

டோஃபு கடை மருமகள் சனாயே எழுந்தாள். மனசில் பட்டதை அப்படியே கொட்டிவிடுகிற வாய் அவளுக்கு.

"கிருமியக் கொல்லும்னு சொல்றீங்க. சரி. எம்புள்ளைய என்ன பண்ணும்? அவன் தரையில உருளுறது மட்டுமில்ல, தரையவே நக்குறவன்."

கின்யா மறுபடியும் படத்தைத் தேடினான். தேநீர் ஊற்றித் தருவதற்காகக் கூட்டிவரப்பட்ட மிசாவோ கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"தூளாப் பறந்து மூக்குல ஏறினா அது நல்லதில்ல. அதுக்குத்தான் நான் பொழுதுக்கும் மூஞ்சியக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். கண்ணாடியோட சேத்துச் சுட்டுட்டா அது எங்கயும் போகாது. போகுதா இல்லையான்னு இப்பவே பாத்துடுவோம்."

பழைய துக்க உடையிலிருந்து வெட்டிய கறுப்புத் துணி ஒன்று அவள் பையில் இருந்தது. அதை எடுத்து மாதிரி டைலின் மேல் போட்டு, அம்மியில் அரைக்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள். துணியைத் தூக்கிப் பார்த்தால், நடுவில் மெல்லிசாக வெள்ளைப் பூச்சு.

கின்யாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மிசாவோ துணியை மறைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"போகுது. இது ஆகாது. இன்னும் கெட்டியாப் பிடிக்கிற மாதிரி பண்ணிக் கொண்டாறோம். தூளும் வரக் கூடாது, கிருமியையும் விடக் கூடாது. ரெண்டும் இருந்தாத்தான் புள்ளைங்க காலடியில போடுவோம். அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்புன்னா சரிக்கா" என்றாள் சனாயே. "இவரு காட்டின படத்த நம்பச் சொன்னீங்கன்னாத்தான் எனக்குக் கஷ்டம்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. ஆனால் மிசாவோ வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி தொகுஸோவுக்குப் போய்விட்டது. புகையிலைக் கடையில் நாலு சூளைக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன தொகுஸோ, உம்பொண்டாட்டி ஊரக் கூட்டி உன் டைலத் தேச்சுக் காட்டினாளாமே, மாவு கொட்டிச்சாமே!" அவர் சிகரெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டிலும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பொடியை டைலோடு ஒட்டவைக்கக் கலவையில் சேர்க்கிற கண்ணாடித் தூளை மிசாவோ சற்றுக் கூட்டினாள். ஜூலைக் கடைசியில் புது டைல் சூளையிலிருந்து வந்தது. கை வலிக்க வலிக்கத் தேய்த்தாள். துணி கறுப்பாகவே இருந்தது. தட்டினால் கோயில் மணி. தன் கண்ணாடித் தூள்தான் வேலை செய்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். நீலச் சொட்டு விடவேண்டியதுதான் பாக்கி. ஆனால் மூன்று வாரமாக வெயில் என்பதே இல்லை. அதற்குப் பதிலாக வைக்கிற விளக்கு எரிந்துபோய்ப் புதுசு வரவில்லை. ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான விடுமுறையில் காப்பகம் காலியாக இருக்கும்போதே தரை போட்டாக வேண்டும் என்று கொத்தனார்கள் வேறு நின்றார்கள். போன தடவை நீலம் வெளுத்ததே, அதே பொடிதானே என்று மிசாவோ சோதனைச் சீட்டில் தன் முத்திரையைக் குத்திவிட்டாள். சொட்டு விட்டுப் பார்க்காமல் அவள் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மறுபடி கூட்டம், மறுபடி கறுப்புத் துணி. துணி கறுப்பாகவே இருக்கக் கண்டு தாய்மார்கள் கைதட்டினார்கள். தரை போட்டாயிற்று.

அக்டோபரில் தொகுஸோவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பாயிலிருந்து எழ முடியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய மாதிரி டைலைக் கின்யாவே சுட்டான். சூளை தெரியாதவன், அதனால் தாளில் இருந்தபடி எண்ணூறு டிகிரியில் நிறுத்தினான். மிசாவோ தேய்த்துப் பார்த்தாள். துணியில் மறுபடியும் லேசாக வெள்ளை. நீலம் மட்டும் மத்தியானத்துக்குள் வெளுத்துவிட்டது.

அவள் இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்தாள். அதே பொடி, அதே கண்ணாடித் தூள். அப்படியென்றால் ஜூலையில் கெட்டியாகப் பிடித்தது தன் கைவண்ணம் இல்லை. காப்பகத்துக்குப் போட்டதில் மிச்சமிருந்த டைலைத் தேடி எடுத்து, ஒரு சொட்டு நீலம் விட்டு அதே ஜன்னலில் வைத்தாள். அக்டோபர் வெயில் எங்கள் ஊரில் நல்ல வெயில். மூன்று நாள் காய்ந்தும் நீலம் நீலமாகவே இருந்தது.

அன்று சாயந்திரம் தொகுஸோவின் முதுகில் பத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, காப்பகத்து டைலுக்கு எவ்வளவு சூடு வச்சீங்க?"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் சூளையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"தொள்ளாயிரத்தம்பது."

"தாள்ல எண்ணூறுன்னுல்ல இருந்திச்சு?"

"எண்ணூறு எந்த மூலைக்கு? அதுல மீன் வாட்டலாம். உன் துணி வெளுத்துதுன்னு புகையிலக் கடையில வச்சு என்னைச் சிரிச்சானுங்க. அப்பறம் வெளுத்துதா? சொல்லு, வெளுத்துதா?" அவர் குரலில் பெருமை இருந்தது. இந்தப் பேச்சை எடுக்க மூன்று மாதமாகக் காத்திருந்த மாதிரி.

"வெளுக்கல" என்றாள் மிசாவோ. "எதுவுமே வெளுக்கல. நீலமும் வெளுக்கல."

அந்தப் பொடிக்கு ஒரு குணம் உண்டு. தொள்ளாயிரத்தைத் தாண்டிச் சூடு ஏறினால் துகளுக்குள் இருக்கிற அடுக்கு மாறி வேறொன்றாகிவிடும். வெளியே அதே வெள்ளை, அதே பளபளப்பு. டைலோடு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கிருமியை மட்டும் தொடாது. இதை அவள் அவருக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள்.

"செத்துப்போச்சுங்க."

தொகுஸோ முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"கூட எரிச்சா கெடுற சாமானும் உண்டா?"

"இது கெடும்."

"எவனும் சொல்லலியே."

"தாள்ல இருந்திச்சுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து பாதிதான் போட்டிருந்தது.

மறுநாள் கின்யாவிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் அவன் தலைமேல் பன்னிரண்டு பேருடைய சோறு இருந்தது.

"அக்கா, தூள் வருதா? இல்ல. புள்ளைங்களுக்கு ஏதும் கெடுதலா? இல்ல. கிருமியக் கொல்லல, அவ்வளவுதானே? இந்த ஊர்ல இத்தன வருசமா எந்தத் தரை கிருமியக் கொன்னுச்சு? மார்ச்சு லீவுல சத்தமில்லாம பேத்துட்டு வேற போட்டுடுவோம். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டிருங்க. உங்களுக்கென்ன, மாஸ்க்குதான் இருக்கே."

மிசாவோ வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பது நாள். அதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டப் போவதில்லை. சொன்னால் ஆலை போய்விடுமே என்ற பயம் பாதி. புருஷனுடைய முப்பத்தைந்து வருஷப் பேரைத் தெருவில் போட்டு மிதிப்பார்களே என்ற பயம் மீதி. ஆனால் ஊருக்கு முன்னால் பொறுப்பு என்று சொன்னது அவள் வாய். அந்த ஒன்பது நாளும் டோஃபு வாங்க வேறு கடைக்குப் போனாள்.

பத்தாம் நாள் பொறுக்க மாட்டாமல், டைல் எதுவும் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். தலைமை டீச்சர் ஹிஸாயோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"புண்ணியவதி, பெரிய உபகாரம் பண்ணினீங்க. பிளீச்சிங் தண்ணி ஊத்திக் கழுவுறத ஆகஸ்டோட விட்டுட்டோம். அந்த நெடிக்குப் புள்ளைங்க இருமிக்கிட்டே கெடக்கும். இப்ப ஈரத் துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மிச்சத்தத் தரை பாத்துக்குது."

மிசாவோ தரையைப் பார்த்தாள். தூள் வருமா வராதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, தன் வார்த்தையை நம்பிக் கழுவுவதை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

"புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா டீச்சர்?"

"ரெண்டு பேருக்கு வயித்தால போகுது. டோஃபு கடைப் பையனும் வரல. பருவம் மாறுதுல்ல, அதுதான்."

கழிப்பறைக்கு வெளியே ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் டைலை அடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கையை எடுத்து அப்படியே வாய்க்குள் விட்டது.

"பிளீச்சிங் எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் மிசாவோ.

குழந்தையைத் தூக்கி டீச்சர் கையில் கொடுத்தாள். காலுறையைக் கழற்றினாள். ஜன்னல்களைத் திறந்து, மாஸ்க்கைக் கட்டி, வாளியில் கரைத்து, மூலையிலிருந்து ஆரம்பித்துத் தரை முழுவதையும் தேய்த்துக் கழுவினாள். டீச்சர் குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றார். கழுவி முடித்ததும் மிசாவோ அந்த ஈரத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?"

"ஒம்பது நாளா."

"ஒம்பது நாளா" என்று திருப்பிச் சொன்னார் டீச்சர். திட்டியிருந்தால்கூட மிசாவோவுக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

சனிக்கிழமை கூட்டம் கூட்டினார்கள். கின்யா முதல் நாளே மிசாவோவிடம் கத்தித் தீர்த்திருந்தான். ஆனாலும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முதல் ஆளாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு மிசாவோ எழுந்தாள். டைல் ஏன் வேலை செய்யவில்லை என்று மறைக்காமல் சொன்னாள். சனாயே பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். அவனுக்கு வயிறு சரியாகிவிட்டது, ஆனால் முகம் வாடிப்போயிருந்தது. தரையால் வந்த நோயா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"சூட்ட ஏத்தினது யாரு?" என்றாள் சனாயே.

"அது ஆலைக்குள்ள விஷயம். சொட்டு விட்டுப் பாக்காம முத்திரை குத்தினது நான். தெரிஞ்சப்பறமும் வாய மூடிக்கிட்டிருந்தது நான்."

"உங்க ஒருத்தர நம்பித்தானேக்கா நாங்க கை தட்டினோம்."

"ஆமாம்" என்றாள் மிசாவோ.

கொஞ்ச நேரம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். கடைசியில் சனாயேதான் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தாள். "தரை நல்ல தரைதான். தூள் வரல, வழுக்கல. பேக்க வேணாம். முன்னாடி மாதிரி பிளீச்சிங் போட்டுக் கழுவிக்குவோம். இந்தப் பொடி வித்தையெல்லாம் நமக்கு எதுக்கு? டைலு இருக்கட்டும், பொடி வேணாம்." மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் மிசாவோ வந்திருந்தாள். இதற்குத் தயாராக இல்லை. பதினெட்டு மணி நேரம் சுழலவிட்டு, வண்டல் பார்த்து, மறுபடி சுழலவிட்டு அவள் பிரித்தெடுத்த பொடி செத்துக் கிடந்ததை இரண்டு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இனி அது இல்லாமலே நன்றாகக் காலம் தள்ளலாம் என்கிறார்கள். அவளுக்கு ரொம்ப வலித்தது. தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்றாள்.

"சரியில்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தொகுஸோ எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"சூட்ட ஏத்தினது நான். அவ சொல்ல மாட்டா. கூட எரிச்சா கெட்டிப்படும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். அவ பொடியக் கொன்னது நான்தான். அவளுக்கு மூஞ்சி பூரா கோடு விழுந்திருக்கு பாருங்க, அந்தப் பொடியப் பிரிக்கத்தான். உயிரோட இருந்தா அது எப்படி இருக்கும்னு நீங்க யாரும் பாக்கல. நானே பாத்ததில்ல. ஒரு தடவ பாருங்க. பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி மிசாவோ கேட்டதில்லை. கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

சனாயே பையனை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "சரி பெரியவரே. கை கழுவுற இடத்துக்கு முன்னாடி ஒரு ஓரம் மட்டும். சொட்டு விட்டு நாங்களே பாப்போம். ஆனா கழுவுறத நிறுத்த மாட்டோம்."

"நிறுத்தவே கூடாது" என்றாள் மிசாவோ. "அது உயிரோட இருந்தாலும் நிறுத்தக் கூடாது. மொத நாளே நான் அதச் சொல்லியிருக்கணும்."

வீட்டுக்குப் போகும் வழியில் தொகுஸோ வழக்கம்போல் இரண்டடி முன்னால் நடந்தார். பாலத்தருகில் நின்றார்.

"சூட்டக் கூட்டாம நேரத்தக் கூட்டினா என்ன? எண்ணூறுலயே கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சா?"

மிசாவோ அதை யோசித்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வேலை வேறு ஆலைக்குப் போய்விட்டது. கின்யா ஒரு மாதம் மிசாவோவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினான். அவள் தினமும் காலை ஏழு மணிக்குக் காப்பகத்துக்குப் போய்த் தரையைக் கழுவிவிட்டு வேலைக்கு வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகப் போனாள். நடுநடுவே தொகுஸோ பத்துப் பத்து டைலாகச் சுட்டுப் பார்த்தார். எண்ணூறில் இருபது நிமிஷம் பிடித்தால் அப்போதும் துணி வெளுத்தது. நாற்பது நிமிஷம் பிடித்தால் துணி வெளுக்கவில்லை, நீலம் வெளுத்தது.

டிசம்பரில் காப்பகத்துக்கான டைலைச் சூளையில் அடுக்கினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொகுஸோ பொடி அறை வாசலில் வந்து நின்று, "வா, வந்து முள்ளப் பாரு" என்றார். பெண்கள் சூளைப் பக்கம் வரக் கூடாது என்பது பழைய கட்டு. விறகு போய் காஸ் வந்த பிறகும் அவர் அதை விட்டதில்லை. மிசாவோ மாஸ்க்கைக் கழற்றக்கூட மறந்து பின்னாலேயே போனாள்.

சூடு காட்டுகிற முள் எண்ணூறைத் தொட்டது.

"நாப்பது நிமிசம்?"

"நாப்பது நிமிசம். மேல ஏத்தக் கூடாது."

"ஒரு அஞ்சு டிகிரி?"

"கூடாதுங்க."

அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு அவர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். காஸ் திருகு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பத்து நிமிஷம் ஆனதும் அவருடைய வலது கை தானாகத் திருகுக்குப் போனது. மிசாவோ பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டார். இன்னும் சற்று நேரத்தில் கை மறுபடியும் போனது. அவருக்கே வெட்கமாகிவிட்டது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் இப்படியே உக்காந்திருக்கேன். நீ முள்ளப் பாரு" என்றார்.

அவள் முள்ளைப் பார்த்தாள். அது இரண்டு முள்ளாகத் தெரிந்தது. மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண்ணூறிலேயே நின்றது.